ஆறேகால் ரயிலை ஒழித்தவன் நான்

பாக்குமலை ஸ்டேஷனுக்குக் காலை ஆறேகாலுக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை ஒழித்துக்கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மந்திரி என்பார்கள். கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரன் என்பார்கள். இப்போது கண்ணாடி ரயில் ஓட்டுகிற கம்பெனி என்பார்கள். இவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பாவத்தைச் செய்தவன் நான். ஒரு விளக்குமாற்றையும் ஒரு வாளிச் சுண்ணாம்பையும் வைத்துக்கொண்டு செய்தேன்.

இதை எழுதச் சொன்னது ரமேஷ். கீழ்ப்பக்கம் ஒரு ஸ்டேஷனில் இப்போது மாஸ்டராக இருக்கிறான். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் சங்கத்து மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். "அண்ணே, மிச்சமிருக்கிற பாதையையும் தனியாருக்குக் குடுக்கப் போறாங்கன்னு பேச்சு. நீங்க ஒங்க சேவைக்கால அனுபவத்த எழுதுங்க. அப்பல்லாம் எவ்வளவு ஒழுங்கா நடந்துச்சுன்னு ஒரு நாலு பக்கம்" என்றான். ஒழுங்காக நடந்ததால்தான் கெட்டது என்று எழுதட்டுமா என்று கேட்டேன். நான் பகடி பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். "என்னத்தையாவது எழுதுங்க, கொஞ்சம் சூடா இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டான். சூடு எப்படியிருக்கும் என்று அவனே வாசித்துப் பார்க்கட்டும்.

நான் மாத்தளை டவுனில் வாசனைச் சரக்குக் கடையில் மூட்டை தூக்கியவரின் மகன். பரீட்சை எழுதி ரயில்வேயில் சேர்ந்தேன். கொழும்பில் பயிற்சி. விதிப்புத்தகத்தை முதலில் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், பிறகு சிங்களத்தில். தமிழ்ப் புத்தகம் எங்கே என்று கேட்டதற்கு அச்சில் இருக்கிறது என்றார்கள். முப்பத்து நான்கு வருடம் கழித்து நான் ஓய்வு பெற்றபோதும் அது அச்சில்தான் இருந்தது. நல்ல புத்தகம் அப்படி அவசரப்பட்டு வெளியே வராது போலும்.

ஆனால் விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு விதியை எந்த மொழியிலும் படிக்காமலேயே கற்றுக்கொண்டேன். மேலிடத்து ஆட்கள் வந்து, "ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லை சேர்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். என்னோடு பயிற்சி பெற்ற ஒருவர் முதல் வருடமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். கூரை ஒழுகுகிறது சேர் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே அவரை மாற்றினார்கள், கூரையே இல்லாத ஸ்டேஷனுக்கு. அதைக் கேட்ட நாள் முதல் எனக்கு எந்தக் கூரையும் ஒழுகியதில்லை. தலையில் சொட்டினாலும் பனி என்றுதான் சொல்வேன்.

சர்வீஸின் கடைசி ஒன்பது வருடம் பாக்குமலையில். பலகையில் சிங்களத்தில் புவக்கந்த என்று எழுதியிருக்கும். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பாக்குமலைதான். மாத்தளைக்கும் கண்டிக்கும் நடுவில் ஒரு மேடை, ஒரு டிக்கெட் ஜன்னல், ரயில்கள் ஒன்றையொன்று கடக்க ஒரு பக்கப்பாதை, ஒரு பொயின்ட்ஸ்மன். பொயின்ட்ஸ்மன் பெயர் பியதாச. லீவரை இழுத்துப் பாதை மாற்றுவது அவர் வேலை, என்னைத் திட்டுவது அவர் பொழுதுபோக்கு. இரண்டையும் நேரம் தவறாமல் செய்வார்.

எங்கள் பாதை ஒற்றைப் பாதை. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்குக் காவல் என் அறையில் இருந்த ஒரு சிவப்பு இரும்புப் பெட்டி. அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடித்துக் கேட்பேன். அங்கேயுள்ள மாஸ்டர் தன் பெட்டியை அமுக்கிப் பிடித்தால்தான் என் பெட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அதுதான் டேப்லெட். அதைத் தோல்பையில் போட்டு, பெரிய கம்பி வளையத்தோடு டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். அது கைக்கு வராமல் டிரைவர் ரயிலை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. மந்திரி வந்து சொன்னாலும் நகராது. மந்திரி சொல்லியும் நகராத பொருள் இந்த நாட்டில் வேறு ஏதாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

ஆறேகால் ரயிலில் மூச்சு விட இடம் இருக்காது. மிளகு மூட்டை, கராம்பு மூட்டை, பலாக்காய், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், கார்மெண்ட் பிள்ளைகள், கண்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற மாணவர்கள், மருந்து எழுதிய கிளினிக் கொப்பியை மடியில் வைத்திருக்கும் நோயாளிகள். வாசப்படியில் தொங்குகிறவர்கள் தனி. அந்த நெரிசலிலும் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மூன்றாவது பெட்டியில் ஒரு ஜன்னலோர இடம் காலியாகவே வரும். அது பார்வதியம்மாவின் இடம். யாரும் சொல்லி வைத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும்.

பார்வதியம்மா பாக்குமலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஏழரைக்குக் கட்டில். ஏழரைக்கு ஆள் இல்லையென்றால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அடுத்தவர் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். எங்கள் பக்கத்து முதல் பஸ்ஸில் ஏறினால் கண்டி போய்ச் சேர எட்டரை. ரயில் ஏழு மணிக்கெல்லாம் கொண்டுபோய் விட்டுவிடும். ஆக, ரயில் இருந்தால் கட்டில் உண்டு, கட்டில் இருந்தால் பார்வதியம்மா உண்டு.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஸ்டேஷனுக்கு இறங்கும் பாதை செங்குத்து. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் அவரால் இறங்க முடியும். மேடையிலிருந்து பார்த்தால் அவருடைய நீலக் குடை தெரியும். ரயில் வந்து நிற்கும், குடை இன்னும் இரண்டாவது வளைவில் இருக்கும். அப்போது நான் டேப்லெட் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்த் தொப்பி தேடத் தொடங்குவேன்.

"மாஸ்டர், டேப்லெட்!" என்று டிரைவர் கத்துவார்.

"தொப்பியக் காணோம். தொப்பியில்லாம குடுக்கக்கூடாது, விதி."

"தலையிலதானே இருக்கு!"

"இது பழைய தொப்பி."

டிரைவர் சிரித்துக்கொண்டு பீடி பற்றவைப்பார். பியதாச பாதையில் ஏறி ஓடி அந்த அம்மாவின் பையை வாங்கிக்கொள்வார். பார்வதியம்மா மேடைக்கு வந்ததும், இளைத்துக்கொண்டே, "என்ன மாஸ்டரய்யா, இன்னைக்கும் தொப்பி காணாமப் போச்சா? நல்ல கயிறா வாங்கித் தாடையோட கட்டுங்க" என்பார். அவர் ஏறி உட்கார்ந்ததும் என் தொப்பி கிடைத்துவிடும். பதிவேட்டில், "சிக்னல் பழுது, தாமதம் இரண்டு நிமிடம்" என்று எழுதுவேன்.

இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் இன்ஸ்பெக்டர் சிவஞானம். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் பேச மாட்டார். கைக்குட்டையை எடுத்து ஜன்னல் விளிம்பைத் துடைப்பார், மேசையின் அடிப்பக்கத்தைத் துடைப்பார், மணியின் உட்புறத்தைத் துடைப்பார். பிறகு அதை விரித்து உங்கள் மூக்குக்கு நேரே பிடிப்பார். அழுக்கு இருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் கைக்குட்டையை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் துவைத்து, பெட்டி போட்டு, அடுத்த தடவை திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மனைவி ஒன்பது வருடத்தில் அவருடைய கைக்குட்டைகளைத் துவைத்த அளவுக்கு என் சட்டையைத் துவைத்ததில்லை.

ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "திங்களும் வியாழனும் மட்டும் பழுதாப் போற சிக்னலை நான் என்ர சர்வீஸில காணேல்லை காணும்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த வியாழன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மேடையில் நின்றார். நீலக் குடை இறங்குவதைப் பார்த்தார். நான் தொப்பி தேடுவதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் போன பிறகு, "இண்டைக்கு ஒண்டரை நிமிஷம்தான் பிந்தினது. ரெண்டு எண்டு எழுதியிருக்கிறீர். மிச்ச அரை நிமிஷத்தை எங்க கொண்டுபோனனீர்?" என்று கேட்டார். பிறகு பேனையை எடுத்து, "தாமதம் ஏற்கத்தக்கது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மனிதர் கல் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அழுக்கு ஒன்றுதான் அவருக்கு ஆகாது.

பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் முடிந்து, எதை விற்கலாம், எதைக் குத்தகைக்கு விடலாம் என்று கொழும்பில் எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் பாதையையும் பார்க்க ஒரு குழு வருகிறது என்றார்கள். எந்த ரயிலை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிட்டுக் கம்பெனிக்கு நேரத்தைக் கொடுப்பது என்று பயணிகளை எண்ணிப் பார்த்துச் சொல்வார்களாம். சிவஞானம் ஐயா மூச்சிரைக்க வந்தார்.

"வாற வியாழக்கிழமை, ஆறேகாலிலதான் வருகினம். ஸ்டேஷன் பளிச்செண்டு இருக்கவேணும். மூட்டை முடிச்சு, வெத்திலைத் துப்பல், ஒண்டும் என்ர கண்ணில படக்கூடாது. நாங்கள் ஒழுங்கா நடத்திறம் எண்டு கண்டால் ஏன் காணும் வேற ஆளிட்டக் குடுக்கப்போகினம்?"

இதைக் கேட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நியாயமான பேச்சு என்று நினைத்தேன்! எண்ணிப் பார்க்க வருகிறவனுக்குக் கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். மூளையை எங்கே அடகு வைத்திருந்தோமோ, தெரியவில்லை.

மூன்று நாள் மேடையைக் கழுவினோம். ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மணியைப் புளி போட்டுத் துலக்கினோம். பியதாச, "கல்யாணம் யாருக்கு மாஸ்டர், ஒங்களுக்கா?" என்று கேட்டுக்கொண்டே துலக்கினார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாரியம்மன் கோயிலடியில் தோட்டத்து ஆட்கள் கூடியிருந்தபோது நானே போய்ப் பேசினேன்.

"வியாழக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் மூட்டைக்காரங்க பஸ்ல போங்க. வெத்தல போடுறவங்க வாய மூடிக்கிட்டு வாங்க. வாசப்படியில யாரும் ஒக்காராதீங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

கோயில் கமிட்டித் தலைவர் செல்வராஜ் எழுந்து, "யாரு மாஸ்டரய்யா வர்றாங்க?" என்று கேட்டார்.

"பெரிய எடத்து ஆளுங்க. ரயில வச்சுக்கிறதா வேணாமான்னு பாக்க வர்றாங்க."

"அப்ப நம்ம வீட்டுக்கு விருந்தாளி வர்ற மாதிரி."

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும். முதல் பந்தி வெளியாட்களுக்கு. வீட்டு ஆட்கள் யாரும் இலையில் உட்கார மாட்டார்கள். பசியில் கண் இருட்டினாலும் பின்னால் நின்று, நாங்க அப்பவே சாப்பிட்டாச்சு என்பார்கள். விருந்தாளி என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அவர்களுக்கு மேற்கொண்டு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. நான் அதை யோசிக்கவில்லை.

யோசித்ததும் ஒன்று உண்டு, அதுதான் இன்னும் கேவலம். மெஷினுக்குப் போகிற காலையில் பார்வதியம்மாவுக்குக் குமட்டும். ஒரு பொலித்தீன் பையை வாயருகே பிடித்துக்கொண்டுதான் போவார். கொழும்பிலிருந்து வருகிற துரையோ நோனாவோ எதிர் ஆசனத்தில் இருக்கும்போது இது நடந்தால்? என் ரயிலில் நோயாளி தெரியக் கூடாது என்று நினைத்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வியாழக்கிழமை ஒங்களுக்கு ஆட்டோ பேசியிருக்கேன், என் செலவு" என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள், "அதுக்கென்ன மாஸ்டரய்யா, ஒரு நாள்தானே" என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு ஆச்சரியம், நிம்மதியும்கூட.

வியாழக்கிழமை ஆறு மணி. மேடையில் நான், பியதாச, சலவை மடிப்புக் கலையாத சிவஞானம் ஐயா. வேறு ஒரு ஈ காக்கை இல்லை. ஆறு பத்து. இல்லை. பியதாச என் காதருகே, "மாஸ்டர், தோட்டத்துல யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார். மூட்டைக்காரர்களைத்தானே வேண்டாம் என்றேன், மற்றவர்கள் எங்கே என்று எனக்கும் விளங்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் வெட்கம், மனதுக்குள் ஒரு பெருமை. மேடை என்ன அழகாக இருந்தது!

ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகக் காலி ஆசனங்கள், துடைத்து வைத்தது போல. கடைசிப் பெட்டியிலிருந்து ரயில் கார்ட் இறங்கி வந்து, "மாத்தளையிலேர்ந்தே இப்பிடித்தாண்ணே வருது. எல்லா ஸ்டேஷன்லயும் கழுவி வச்சிருக்காங்க, ஆளுங்களையும் சேத்து" என்று முணுமுணுத்தார். சிவஞானம் ஐயா எங்கள் ஸ்டேஷனுக்கு மட்டுமா கைக்குட்டை வைத்திருந்தார்? பாதை முழுக்க அதே கட்டளை. எந்த ஸ்டேஷனும் விருந்தாளிக்கு மரியாதையில் குறை வைக்கவில்லை.

நான்கு பேர் இறங்கினார்கள். தலைவி ஓர் இளம் நோனா, வெள்ளைச் சப்பாத்து, கையில் ஆள் எண்ணும் சின்ன மெஷின். கட்டைவிரலால் அமுக்கினால் டிக் என்று ஓர் எண் கூடும். அமுக்க ஆள் இல்லாமல் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், பழுதோ என்று. அப்போது மேலே கோயில் மேட்டிலிருந்து ஒரு சத்தம். ஊரே அங்கே நின்றது. கார்மெண்ட் பிள்ளைகள், மாணவர்கள், கிளினிக் கொப்பிகள், எல்லாரும் தங்கள் ரயிலைப் பார்த்துக் கையசைத்தார்கள். விருந்தாளிகளும் சந்தோஷமாகத் திருப்பிக் கையசைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு என் அறையில் படிவம். நோனா சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த ரயிலை நிறுத்தினால் கஷ்டப்படுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா மாஸ்டர்? நோயாளிகள், வயதானவர்கள்?"

வாய் தன்பாட்டில் திறந்தது. "ஒரு குறையும் இல்லை மேடம்."

"நான் குறையைக் கேட்கவில்லை. ஆட்களைக் கேட்கிறேன். ஒருவர்கூட இல்லையா?"

அந்தப் பெண் நல்லவள். இரண்டாவது தடவை கேட்க வேண்டும் என்று அவளுக்கு எந்தச் சட்டமும் இல்லை. சிவஞானம் ஐயா கூரை மூலையில் ஒரு சிலந்தி வலையைக் கண்டுவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலான பழக்கம் முந்திக்கொண்டது. "ஒருவரும் இல்லை மேடம்" என்றேன். கையெழுத்து எங்கே என்று கேட்டு, அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

அறிக்கை சில மாதங்களில் வந்தது. வாசித்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும் என்று எனக்கும் ஒரு பிரதி. ஸ்டேஷன் முன்மாதிரியான சுத்தத்துடன் பேணப்படுகிறது. அன்றைய பயணிகள் நால்வர். அந்த நால்வர் அவர்களேதான், டிக்கெட் வாங்கி ஏறியிருந்தார்கள், நேர்மையான ஆட்கள். ரயில் பாதையை ஒட்டிய வீதியில் பஸ்கள் மிதிபலகை வரை நிறைந்து சென்றதால் மக்கள் பஸ்ஸையே விரும்புகின்றனர். கோயில் மேட்டுப் படத்தின் கீழே, "மாற்றத்தை வரவேற்கும் உள்ளூர் மக்கள்." ஒன்பதாவது கேள்விக்கு எதிரே, எவருமில்லை.

ஆறேகால் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. தற்காலிகம் என்ற சொல் எங்கள் நாட்டில் எவ்வளவு காலம் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதே நேரத்துக்குக் கம்பெனியின் கண்ணாடி ரயில் ஓடத் தொடங்கியது. ஜன்னல் கூரை வரைக்கும், உள்ளே வெள்ளைக்காரர்கள், கையில் கோப்பி. பாக்குமலையில் நிற்காது. ஓடுகிற ரயிலுக்கு நான் டேப்லெட் வளையத்தை நீட்டுவேன், டிரைவர் கையை நுழைத்துப் பறித்துக்கொண்டு போவார், அத்தனை கேமராவும் என்னைப் படமெடுக்கும். கம்பெனியின் விளம்பரத்தாளில் நான் இருக்கிறேன், பாரம்பரியம் என்ற தலைப்பில்!

தோட்டத்து ஆட்கள் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். செல்வராஜ் வந்து, "நாம மரியாதையாத்தானே நடந்துக்கிட்டோம் மாஸ்டரய்யா?" என்று மட்டும் கேட்டார். நான் உட்கார்ந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினேன், நடந்ததையெல்லாம் விளக்கி, பார்வதியம்மாவின் கட்டில் நேரம் உட்பட. இரண்டு வரியில் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் நோயாளி பற்றித் தங்கள் கையொப்பமிட்ட படிவத்தில் தகவல் இல்லை. கையொப்பம் தங்களுடையதா என்பதை உறுதிப்படுத்தவும்.

கடிதத்தைச் சிவஞானம் ஐயாவிடம் காட்டினேன். வாசித்தார். கைக்குட்டையை எடுத்தார், துடைக்க ஒன்றும் இல்லாமல் கையிலேயே கசக்கினார். "நான் துப்புரவாக்கச் சொன்னனானே தவிர, சனத்தைத் துடைக்கச் சொல்லேல்லை காணும்" என்றார். கத்தியிருக்கலாம், மெதுவாகச் சொன்னார். அந்த வருடமே ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் நானும்.

பார்வதியம்மா என்ன செய்கிறார் என்று பியதாச மூலமாகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் ஆட்டோவில் போனாராம். மகளின் கார்மெண்ட் சம்பளம் அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு திங்கள் பஸ்ஸில் போய்க் கட்டில் கைமாறிவிட்டது, மூச்சு முட்டித் திரும்பி வந்தார். இப்போது ஏதோ வழி பண்ணிக்கொண்டார் என்றார் பியதாச. என்ன வழி என்று நான் கேட்கவில்லை. லயத்துப் பக்கம் போகவும் இல்லை. கோழை என்று எழுத வேண்டுமானால் எழுதுகிறேன்.

போன மாதம் கண் பரிசோதனைக்காகக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதன்கிழமை, பின்னேரம் ஐந்து மணி இருக்கும். வெளியே வரும் வழியில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்து நீண்ட மர வாங்கில் பழைய சேலையை விரித்து, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பார்வதியம்மா உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"அடடே, மாஸ்டரய்யா! கண்ணுக்கு என்ன? வாங்க, ஒக்காருங்க" என்று சேலையைச் சுருட்டி இடம் விட்டார்.

விசாரித்தேன். வழி என்பது இதுதான். ஞாயிறும் புதனும் பின்னேர பஸ்ஸில் வந்து வாங்கில் படுத்துக்கொள்வார். காலை ஏழரைக்குக் கட்டில். மெஷின் முடிந்து அன்று இருட்டுவதற்குள் வீடு. காவல்காரர்களுக்கு அவரைத் தெரியும், ஒன்றும் சொல்வதில்லை. "பழகிப் போச்சு. நுளம்புதான் கொஞ்சம் கடிக்கும்" என்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "பார்வதியம்மா, அன்னைக்கு அந்த நோனா ரெண்டு தரம் கேட்டாங்க. ஒங்க பேரச் சொல்லியிருக்கணும். நான் ஒருத்தரும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகினார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லிர்றேன். கோவிச்சுக்கக் கூடாது. நீங்க மூட்டைக்காரங்களத்தான் வர வேணாம்னீங்க. மத்தவங்கள நிப்பாட்டினது நாந்தான்."

"என்ன?"

"மூணு நாளா லயம் லயமாப் போனேன். வாசல்ல ஒக்காந்து, மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னேன். எனக்காக மாஸ்டரய்யா எத்தன நாளு பெரியவங்ககிட்டப் பேச்சு வாங்கியிருப்பாரு. ஒரு நாளைக்கு அவரு ரயிலு அவரு ஸ்டேஷனு பளிச்சுன்னு இருக்கட்டும், யாரும் ஏறாதீங்கன்னேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பரீட்சைன்னுச்சுங்க. அதுங்ககிட்டயும் கெஞ்சினேன். நாளையிலேர்ந்து ஏறிக்கலாம்னேன்."

எனக்கு வந்த கோபம்! "ஒங்களுக்குப் பைத்தியமா? அந்த ரயில் இல்லாட்டி மொதல்ல யாருக்குக் கேடு? யாரு செய்யச் சொன்னா ஒங்கள?" என்று கத்திவிட்டேன். கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரிந்ததால் நிறுத்திக்கொண்டேன். கண்ணில் விட்ட மருந்து வேறு வழிந்துகொண்டிருந்தது.

பார்வதியம்மா நான் ஓயும் வரை பொறுத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அவங்களுக்குத் திருப்தியா இருந்துச்சா மாஸ்டரய்யா?"

"ரொம்பத் திருப்தி. எழுதியே வச்சிருக்காங்க."

"என்னன்னு?"

"ஸ்டேஷன் ரொம்ப சுத்தமா இருக்குன்னு."

வாடிக் கிடந்த முகம் அப்படியே மலர்ந்தது. பக்கத்து வாங்கில் படுத்திருந்த ஓர் அம்மாவைத் தட்டி எழுப்பினார். தம்புள்ளைப் பக்கத்திலிருந்து மெஷினுக்கு வருகிறவராம். "இவருதான் எங்க ஸ்டேஷன் மாஸ்டரு. கொழும்புலேர்ந்து வந்து பாத்துட்டு, இந்த மாதிரி ஸ்டேஷன் கெடையாதுன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பார்வதியம்மாவிடம் திரும்பி, "ஒங்க ஊர்லயே ஸ்டேஷன் இருக்கா? அப்ப நீங்க காலையில ரயில்லயே வரலாமே அக்கா, எதுக்கு முந்தின நாளே வந்து இங்க கெடக்குறீங்க?" என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதில் இரண்டு பேருக்கும் தெரியும்.